5 பாட்டுக்கு 40,000 ரூபாய்: கையெழுத்துப் போடலாமா?

கேட்பவர்: தறிமேடை (குடியாத்தம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்யும் குடும்பம். அப்பா இன்றும் குழித்தறியில்தான் நெய்கிறார். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 16,500. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்கு வீடு.

எட்டாம் வகுப்பிலிருந்து பாட்டு எழுதுகிறேன். வரி, மெட்டு, குரல் மூன்றும் என்னுடையவை. கிட்டார் பார்த்துப் பார்த்துக் கற்றது. எங்கள் வீட்டில் தூங்கும்போதும் காதில் விழுவது தறிச் சத்தம்தான்: மிதி, நாடா, அடி, மிதி, நாடா, அடி. (நாடா என்பது குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை.) என் பாட்டு பெரும்பாலும் அந்தச் சத்தத்தில்தான் பிறக்கிறது. இதுவரை 11 பாட்டு முடித்திருக்கிறேன். 4 பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்து இணையத்தில் ஏற்றினேன். அதிகம் கேட்கப்பட்டது 1,800 தடவை.

போன வாரம் ஒரு இசை நிறுவனம் கூப்பிட்டது. 5 பாட்டுகளுக்கு மொத்தமாக 40,000 ரூபாய் தருகிறார்களாம். 15 நாளில் கையெழுத்து வேண்டுமாம். ஒப்பந்தத்தின் பக்கங்களைப் பெயர்களை மறைத்துக் கீழே இணைத்திருக்கிறேன். "அனைத்து உரிமைகளும், எக்காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. அப்பா, "நூலுக்கு வாங்கிய முன்பணக் கடன் அடையட்டும், பிறகு போ" என்கிறார். முறையாகச் சங்கீதம் கற்காமல் இந்த வழியில் நடக்க முடியுமா என்பதும் உறுத்துகிறது. இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எனக்குக் கேட்பதற்கு ஊரில் ஆள் இல்லை.

பதில் 1: இளநிலை (சத்துவாச்சாரி)

ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். நீதிமன்ற வளாகத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் இளநிலையாக இருக்கிறேன். பாடத் தெரியாது, பத்திரம் படிக்கத் தெரியும்.

ஒரு பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. வரியும் மெட்டும் எழுதியவருக்கு, அமைத்தவருக்கு. ஒலிப்பதிவு யார் செலவு செய்து, முன்நின்று செய்தார்களோ அவர்களுக்கு. நீங்கள் உங்கள் வீட்டில், உங்கள் காசில் பதிவு செய்திருக்கிறீர்கள். ஆகவே இன்றைய தேதியில் மூன்றும் உங்கள் கையில். அந்தக் காகிதம் மூன்றையும் சேர்த்துப் பாட்டுக்கு 8,000 ரூபாய் என்று கேட்கிறது. வரிக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமைக் காலம் உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். அதாவது உங்கள் பேரப்பிள்ளைகளின் பங்கும் அந்த 8,000-க்குள் அடக்கம்.

ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவில் "இனி எந்தத் தொகையும் கோர மாட்டேன்" என்று இருக்கிறது பாருங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை, அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் தொகையை, இப்படி எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று சட்டத்தின் 18-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். சினிமாவில் வராத பாட்டுக்கும் இது உண்டு. உரிமையை மாற்றிக் கொடுத்தாலும் ராயல்டியில் சமபங்கு உங்களுடையது. அதைச் சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே விட்டுக்கொடுக்கலாம். ஆகவே அந்த வரி நிற்காது. ஆனால் அது நிற்காது என்று காட்ட நீங்கள் வழக்காட வேண்டும். அதைவிட இப்போதே அடித்துவிடச் சொல்வது சுலபம்.

அடுத்தது ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்கிறது சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை. உங்கள் காகிதத்தில் வேறுவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பாட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் கேட்க முடியாது. எனக்கு எல்லாவற்றையும்விட இந்தப் பிரிவுதான் பயமாக இருக்கிறது. இளைஞன் ஒருவனின் முதல் ஐந்து பாட்டுகள் ஒரு பெட்டியில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: ஒலிப்பதிவுக்கு மட்டும் 3 ஆண்டு உரிமம், வரியும் மெட்டும் என்னிடமே. ஒப்புக்கொள்ளாவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பதிவு செய்வது கட்டாயம் இல்லை, எழுதியபோதே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் சான்று கையில் இருப்பது நல்லது. பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்புக்கும் இசைப் படைப்புக்கும் கட்டணம் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் சேரலாம். உங்கள் பாட்டு வானொலியிலோ மேடையிலோ ஒலித்தால் அதற்கான பங்கை வசூலித்துத் தருவது அவர்கள் வேலை.

பதில் 2: இரண்டாம் குரல் (சென்னை, சொந்த ஊர் ஆற்காடு)

நான் 2016-இல் சென்னைக்கு வந்தவன். ட்ராக் பாடுகிறேன். இசையமைப்பாளர் மெட்டுப் போட்டதும் பாடலாசிரியருக்கும் இயக்குநருக்கும் போட்டுக்காட்ட ஒரு குரல் வேண்டும், அந்தக் குரல் நான். பிறகு பெரிய பாடகர் வந்து பாடுவார், என் குரல் அழிக்கப்படும். இதுவரை 160-க்கு மேல் பாடியிருக்கிறேன். என் குரலிலேயே வெளியானவை 4. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு சொல்லை எங்கே அழுத்துவது, எங்கே மூச்சு எடுப்பது என்று எனக்குச் சொல்லித் தந்தது அந்த அழிந்த பாட்டுகள்தான்.

அதனால் நான் சொல்வது, சென்னைக்கு வாருங்கள், ஆனால் வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கி.மீ. விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உங்கள் கையில். மாதத்தில் இரண்டு ஞாயிறு போதும். பேஸ் கிட்டார் வாசிப்பவர், தவில் வாசிப்பவர், ஒலிப்பதிவாளர் என்று நான்கு பேர் பழக்கமாகட்டும். தனியாக அறையில் எழுதுகிறவனுக்கு இன்னொருவர் விரல் படும்போதுதான் தன் பாட்டின் எலும்பு தெரியும். நம் பக்கத்து அரக்கோணத்தில் பிறந்த ராப் பாடகர் அறிவு தன் வரியைத் தானே எழுதித் தானே பாடுகிறவர். அவரும் 2017-இல் பா. இரஞ்சித் தொடங்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக் குழுவில், பல குரல்களோடு கலந்து நின்றுதான் மேடையில் தெரிந்தார். சேர்க்கை முக்கியம். குடியாத்தத்திலேயே இருந்தால் அந்தச் சேர்க்கை கிடைக்காது என்பது என் கருத்து.

ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் சேர்ந்த பிறகு நிரந்தரமாக வருவதைப் பற்றி யோசியுங்கள். அந்த 40,000 இங்கே மூன்று மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்கூடத் தாங்காது.

பதில் 3: காட்பாடி அக்கா

தம்பி, உங்கள் நான்கு பாட்டுகளையும் கேட்டேன். இரண்டாவதை ஐந்து முறை கேட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் கதை, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

17 வயதில், 1999-இல், ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். வேலூர், ஆரணி, போளூர், வாணியம்பாடி என்று கோயில் திருவிழா இருக்கும் இடமெல்லாம் பாடியிருக்கிறேன். முதல் இரவுக்கு 150 ரூபாய். விடும்போது 1,200. பாடியது அத்தனையும் சினிமாப் பாட்டு. என் சொந்தப் பாட்டுகள் நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் கிடந்தன. வேனில் போகும்போது மடியில் வைத்து எழுதுவேன்.

2003-இல் அம்மன் பாட்டு எழுதித் தரச் சொல்லி ஒரு நிறுவனம் கேட்டது. ஆறு பாட்டு. நானே எழுதி, நானே மெட்டமைத்து, நானே பாடினேன். 2,500 ரூபாய் கொடுத்தார்கள். ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நான் படிக்கவில்லை. எங்கள் அப்பா கையில் அந்தப் பணத்தைக் கொடுத்த சந்தோஷம் மட்டும்தான் அன்று மனதில் இருந்தது. ஒலிநாடா வந்தது. உறையில் அம்மன் படம் இருந்தது, நிறுவனத்தின் பெயர் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை.

இன்றும் ஆடி மாதம் பிறந்தால் எங்கள் தெரு முனைக் கோயிலில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வருகிறது. நான் வாசல் தெளித்துக்கொண்டு இருப்பேன். 21 வயதுப் பெண்ணாக நான் பாடிய குரல் என் தலைக்கு மேல் போகும். கூழ் ஊற்ற வரும் பெண்கள் கூடவே முணுமுணுப்பார்கள். அது எனக்கு நிறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மகள் ஒருநாள், "அம்மா, இந்தப் பாட்டு யார் எழுதியது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் செல்போனில் தேடிப் பார்த்தாள். யாருடைய பெயரோ இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையை உங்கள் பிள்ளை உங்களைப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள்.

2013-இல் குழுவை விட்டேன். மகள் பிறந்திருந்தாள், இரவுப் பயணம் முடியவில்லை. வீட்டில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். காட்பாடியிலிருந்து வேலூருக்கு டவுன் பஸ்ஸில் பாலாற்றுப் பாலத்தைத் தினமும் கடப்பேன். கீழே மணல், முள்செடி, அங்கங்கே லாரி இறங்கிய பள்ளம். 2015-இல் அந்தப் பாலத்தில் வைத்து ஒரு பல்லவி வந்தது. "மணலாய்ப் போன பாலாறே" என்று தொடங்கும். நல்ல வரி என்று எனக்கு நம்பிக்கை. எவரிடமும் பாடிக் காட்டவில்லை.

என் மாமியார் வீடு பேரணாம்பட்டில். அங்கே திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். இலையை நனைத்து, கத்தரியால் அளவு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, வாயை மடக்குவார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு, அதனால் பேச்சு நடக்குமே தவிர கை நிற்காது. ஒரு மதியம், "ஏதாவது பாடேன், கை ஓடட்டும்" என்றார்கள். சினிமாப் பாட்டு மூன்று பாடினேன். நான்காவதாக அந்தப் பல்லவியைப் பாடிவிட்டேன். அது என் பாட்டு என்று சொல்லவில்லை.

இரண்டு தடவை கேட்டதும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் அவர்கள் பாடியது "மணலும் போன பாலாறே". ஒரே ஓர் அசை மாறியிருக்கிறது. நான் எழுதியது, தண்ணீர் வற்றி மணலாகிவிட்டது என்று. அவர்கள் பாடியது, தண்ணீர்தான் போயிற்று என்றால் மணலும் போய்விட்டது என்று. அந்தத் திண்ணையிலிருந்து ஆறு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரவில் மணல் ஏற்றிப் போகும் வண்டியின் சத்தம் கேட்கும். நான் பாலத்தில் பஸ்ஸில் போனவள். அவர்கள் ஊருக்குள் இருந்தவர்கள். திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை. அன்று இரவே நோட்டில் என் வரியை அடித்துவிட்டு அவர்கள் வரியை எழுதினேன்.

இரண்டாம் குரல் தம்பி சொல்கிற சேர்க்கை உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேர்க்கை ஊரில் கிடைக்காது என்று சொன்னதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எனக்கு அது பேரணாம்பட்டுத் திண்ணையில் கிடைத்தது. பேஸ் கிட்டார்காரர் மெட்டின் எலும்பைக் காட்டுவார். வரியின் எலும்பைக் காட்ட அந்த வரியின் வாழ்க்கையை வாழ்கிறவர்கள் வேண்டும். தம்பி, உங்கள் பாட்டு தறியைப் பற்றியது. அதைச் சென்னையில் பாடிக் காட்டும் முன் உங்கள் தெருவில் பாவு (தறியின் நெடுக்கு நூல்) ஓட்டுகிறவர்கள் முன்னால் பாடினீர்களா?

2018-இல் அந்தப் பாட்டைப் பதிவு செய்தேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் 9,000, கண்டென்சர் மைக் 7,500, ஒரு ஹெட்போன், இவ்வளவுதான் முதலீடு. சீட்டுப் பணத்தில் வாங்கினேன். புடவை நிறைந்த பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, அதற்கு முகம் கொடுத்து நின்று பாடினேன். துணி எதிரொலியை விழுங்கிவிடும், இதைவிட மலிவான ஒலிப்பதிவுக் கூடம் கிடையாது. மே மாதம், மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பாட முடியும், வேலூர் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜங்ஷன் பக்கம் வீடு என்பதால் இரவு இரண்டு மணிக்குமேல், ஒரு ரயிலுக்கும் இன்னொரு ரயிலுக்கும் நடுவில் கிடைக்கும் அமைதியில் பாடினேன். பதினொரு இரவு ஆயிற்று.

வெளியிடும்போது விநியோகத் தளத்தில் வரி, இசை, குரல் என்ற மூன்று கட்டங்களையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து நிரப்பினேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடத்தில் ஓர் அடையாளக் குறியீடு தருவார்கள், அதைத் தனியாக எழுதி வையுங்கள். வரிகள் என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் "பேரணாம்பட்டுப் பீடித் தொழிலாளப் பெண்கள்" என்று சேர்த்தேன். வந்த முதல் பணம் 2,340 ரூபாய். அதில் அவர்களுக்கு இனிப்பும் ஆளுக்கொரு கத்தரியும் வாங்கிக் கொடுத்தேன்.

வரவைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைச் சொல்வதில்லை. போன ஆண்டு இணையத்தில் பாட்டு ஓடியதற்கு ஏறக்குறைய 8,000 ரூபாய் வந்தது. மேடை 14. பள்ளி ஆண்டுவிழா, நூலக விழா, இரண்டு கல்லூரி, மற்றவை கோயில். மேடைக்கு 10,000-இலிருந்து 18,000 வரை, அதில் தபேலாவுக்கும் கீபோர்டுக்கும் பங்கு போக வேண்டும். பாட்டுச் சொல்லிக் கொடுப்பதில் 12 குழந்தைகள், மாதம் தலா 800. குழந்தைகள் தரும் அந்தப் பணம்தான் வீட்டு அரிசி. மேடை வருமானம் மகளின் படிப்புக்கு. ஆகவே உங்கள் 16,500 ரூபாய் வேலையை இன்னும் இரண்டு ஆண்டு விடாதீர்கள். அந்தச் சம்பளம் இருக்கும்வரைதான் ஒரு காகிதத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல முடியும்.

சங்கீதம் கற்காததைப் பற்றிக் கேட்டீர்கள். கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பாட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கற்காதீர்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் வரை ஒரு வருடம் போனால் குரல் சுருதியில் நிற்கும். அருணகிரிநாதரின் சந்தத்தைத் தத்தகாரமாகச் சொல்லிப் பழகினால் வரியின் அளவு கையில் வரும். வானொலியில் மெல்லிசைக் குரல் தேர்வு நடக்கும்போது எழுதிப் போடுங்கள். தரம் கிடைத்தால் அந்தச் சான்று மேடை பேசும்போது உதவும். எனக்கு மூன்றாம் முறைதான் 'பி' தரம் கிடைத்தது.

இப்போது உங்கள் இரண்டாவது பாட்டு. மிதி, நாடா, அடி என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அது மூன்று. உங்கள் வரிகளும் மூன்று மூன்றாகத்தான் நடக்கின்றன, கையில் தட்டிப் பாருங்கள். ஆனால் கீழே நீங்கள் போட்டிருக்கும் தாளம் செயலியில் எடுத்த நான்கு. அதனால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சொல்லை இழுத்து நிரப்புகிறீர்கள். "நெய்தாரே" என்பது "நெய்தாரேஏஏ" ஆகிவிட்டது. கேட்கிறவருக்கு அது உருக்கமாகத் தெரியாது, கால் இடறுவதாகத் தெரியும். பாட்டில் குறை இல்லை. இரவல் தாளத்தைத் தூக்கிவிட்டு வெறும் குரலில் பாடி மறுபடி ஏற்றுங்கள்.

பதில் 4: இளநிலை (சத்துவாச்சாரி)

அக்கா, உங்கள் அம்மன் பாட்டைப் பற்றி ஒன்று. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமையை விற்றுவிட்ட பிறகும், "இதை எழுதியது நான்" என்று கோரும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த நீளமான நோட்டு உங்களிடம் இன்னும் இருக்கிறதா? தேதி போட்டு எழுதியிருக்கிறீர்களா? இருந்தால் ஒருநாள் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரிக்கு வாருங்கள். பெயரைச் சேர்க்கச் சொல்லி ஓர் அறிவிப்பு அனுப்பிப் பார்க்கலாம். கட்டணம் வேண்டாம், எங்கள் தெருவிலும் அந்தப் பாட்டுதான் ஓடுகிறது.

பதில் 5: முகவீணை (செய்யாறு)

கூத்து மேளக்காரன் நான். குரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அக்கா சொல்லிவிட்டார்.

பாரதக் கூத்து இரவு பத்து மணிக்கு ஏறினால் விடியும்வரை. எங்கள் ஆட்கள் ஆடிக்கொண்டே பாடுகிறார்கள், அதுவும் உச்சத்தில். தொண்டையால் பாடுகிறவன் மூன்றாம் நாள் படுத்துவிடுவான். அடிவயிற்றிலிருந்து மூச்சு வர வேண்டும். விடியற்காலையில் கீழ்ச்சுருதியில், மந்தரத்தில், அரை மணி நேரம் ஒரே சுரத்தில் நில்லுங்கள். உங்கள் பதிவில் மேலே போகும்போது குரல் மெலிகிறது. சுருதியை அரைக் கட்டை குறைத்துப் பாடுங்கள்.

இன்னொன்று. கூத்தில் வேடக்காரர் ஒரு வரி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அந்த வரியின் கடைசியைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார்கள். வேடக்காரருக்கு மூச்சு கிடைக்கிறது, கேட்கிறவர்களுக்கு வரி மனதில் பதிகிறது. உங்கள் பாட்டில் மற்றவர்கள் நுழைய இடமே இல்லை, முழுக்க நீங்களே பாடிவிடுகிறீர்கள். ஒவ்வொரு சரணத்திலும் ஒரு சின்ன வரியைப் பின்பாட்டுக்கு விடுங்கள். பீடி சுற்றும் பெண்கள் அக்காவின் பாட்டுக்குள் எப்படி வந்தார்கள்? பல்லவி சின்னதாக இருந்ததால் வந்தார்கள்.

தறிமேடை (குடியாத்தம்), 12 நாள் கழித்து

அனைவருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னியுங்கள், கம்பெனியில் ஏற்றுமதி நெருக்கடி, இரண்டு ஷிப்ட்.

இளநிலை அண்ணா சொன்னபடி எழுதி அனுப்பினேன். ஒலிப்பதிவுக்கு மட்டும் 3 ஆண்டு, வரியும் மெட்டும் என்னிடம் என்று. இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு போனில் கூப்பிட்டு, "இப்படிக் கேட்பவர்களோடு நாங்கள் வேலை செய்வதில்லை" என்றார்கள். சரி என்று சொன்னேன். வைத்த பிறகு கை நடுங்கியது. அன்று இரவு அப்பாவிடம் 40,000 போனதைச் சொன்னேன். அவர் நாடாவுக்கான தார் நூலைச் சுற்றிக்கொண்டே, "நூல் கடன் நான் கட்டிக்கொள்கிறேன்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

தாளம் விஷயம். அக்கா சொன்னதும் கையில் தட்டிப் பார்த்தேன், மூன்றுதான். இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தறியில் உட்கார வைத்து, குழிக்குள் மிதிப் பக்கம் செல்போனை வைத்து, அந்தச் சத்தத்தின் மேலேயே பாடினேன். அரைக் கட்டை குறைத்துத்தான். முதல் தடவை நான் வேகமாகப் போய்விட்டேன். அப்பா கையை நிறுத்திவிட்டு, "நாடா உனக்காக ஓடாது, நீதான் அதோடு வர வேண்டும்" என்றார். ஆறு தடவை பாடினோம். அதற்குள் ஒரு முழத்துக்கு மேல் நெய்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் பாவு ஓட்டும் பெரியம்மா வாசலில் நின்று கேட்டார். பின்பாட்டுக்காக விட்ட வரியை அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார். மாற்றவில்லை. ஆனால் மூன்றாம் சரணத்தில் "ஊடை நூல்" (குறுக்கு நூல்) என்று நான் எழுதிய இடத்தில், "அங்கே அந்த நூல் அறாது, பாவு நூல்தான் அறும்" என்றார். உண்மைதான். தறிக்காரன் மகன் நான் தப்பாக எழுதியிருக்கிறேன். திருத்திவிட்டு ஏற்றியிருக்கிறேன், இணைப்பு கீழே.

காட்பாடி அக்கா

கேட்டேன். இரண்டாம் சரணத்தில் அப்பா ஓர் இடத்தில் இருமுகிறார். அதை வெட்டிவிடாதீர்கள்.

செல்போனைக் குழிக்குள் வைத்ததால் மிதிச் சத்தம் பெரிதாகவும் நாடாச் சத்தம் சின்னதாகவும் விழுந்திருக்கிறது. என்னிடம் மைக் இரண்டு இருக்கிறது. வருகிற ஞாயிறு நானும் மகளும் பஸ்ஸில் குடியாத்தம் வருகிறோம். ஒன்றைக் குழிக்குள்ளும் ஒன்றை நாடா திரும்பும் வலது ஓரத்திலும் வைப்போம். அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், தறியில் அன்று பாவு இருக்குமா?

இளநிலை தம்பிக்கு: நோட்டு இருக்கிறது. 2003 ஜூன் என்று தேதியும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருகிறேன்.